சோலையப்பனின் வலது கை

மூத்திரம் வரவில்லை. வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது, கடுந்தேநீர் நிறத்தில் ஒரு சொட்டு வந்து குழாயின் வளைவில் நின்றுகொண்டு பைக்குள் இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது, நான் குனிந்து அதைப் பார்க்கிறேன், நிமிர்கிறேன், மறுபடி குனிகிறேன். இத்தனை வருஷம் படித்து மயக்க மருத்துவர் ஆனது முன்பின் தெரியாத ஒரு மனிதரின் மூத்திரத்துக்காகக் காத்திருக்கத்தான். சோலையப்பன் தலைகீழாகச் சரிந்து கிடக்கிறார். மேசையின் தலைப்பக்கத்தை அவ்வளவு தாழ்த்தியிருக்கிறார்கள், வழுக்கிவிடாமலிருக்கத் தோளுக்கு முட்டுக் கொடுத்து, இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டித் துணியால் இறுகச் சுற்றி, வயிற்றுக்குள் காற்றை ஏற்றி, குடலை வெட்டி ஒட்ட மேலே ரோபோவின் கைகளை இறக்கிவிட்டிருக்கிறார்கள். முகம் மட்டும்தான் எனக்கு. அந்த முகம் ஊதியிருக்கிறது, இமைகள் பணியாரம் மாதிரி உப்பி, உதடு ஒரு பக்கம் பிதுங்கி, வாயில் செருகிய மூச்சுக் குழாயைச் சுற்றி எச்சில் கோத்து நிற்கிறது. துடைக்கிறேன், திரும்பவும் கோத்துக்கொள்கிறது. உள்ளே சதையைக் கருக்கும் வாடை முகமூடியைத் தாண்டி வருகிறது, கறிக்கடையில் ஆட்டுத்தலை வாட்டும்போது வருமே அது. மூலையில், நோயாளியை விட்டு அத்தனை தள்ளி, ரோபோவை இயக்கும் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு டாக்டர் மெய்யப்பன் உட்கார்ந்திருக்கிறார். ஆபரேஷன் செய்பவர் அவர்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு பெடல்களை மிதிக்கிறார், காலுறையில் ஓட்டை, ஓட்டையில் கட்டைவிரல், மஞ்சளாய்த் தடித்த நகம். பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன், அதனாலேயே பார்க்கிறேன்.

அவர் குரல் பெட்டியிலிருந்து வராது, என் தலைக்கு மேலே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும், ஆள் அங்கே குரல் இங்கே. "ஹெப்சிபா, யூரின் எவ்ளோ வந்திருக்கு?" கம்மிதான் சார் என்றேன். "பேஷண்ட் டிரையா இருக்கார். டிரிப்ப ஃபுல்லா ஓப்பன் பண்ணி விடுங்க." தலைகீழா இருக்கார் சார், வயித்துல கேஸ் வேற இருக்கு, யூரின் இப்போ கம்மியாத்தான் வரும், அதைத் துரத்திக்கிட்டுத் தண்ணிய ஊத்தக் கூடாது. இதை எத்தனை ஆபரேஷனில் சொல்லியிருப்பேன், எனக்கே சலித்துவிட்டது. அவர் சிரித்தார், சிரிப்பு என் தலைமேல் விழுந்தது. பிறகு எனக்குச் சொல்வதுபோல இல்லாமல், மாடி அரங்கில் திரையில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் விருந்தாளி டாக்டர்களுக்குச் சொன்னார்: "எங்க அனஸ்தீஷியா மேடத்துக்குத் தண்ணின்னா பயம்." அங்கேயும் சிரித்திருப்பார்கள். எந்த ஊர்க்காரர்களோ, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிரியாணி என்று காலையிலேயே பேசிக்கொண்டார்கள், இந்தக் குடலைத் திரையில் பார்த்துவிட்டு எப்படித்தான் இறங்குமோ. எனக்கு அரங்கின் மேலும் வெறுப்பு, பிரியாணியின் மேலும் வெறுப்பு, சிரிக்கும்போது ஆடிய அந்தக் கட்டைவிரலின் மேல் தனியாக ஒரு வெறுப்பு.

தண்ணீரின் மேல் எனக்கு இருப்பது பயமில்லை, அருவருப்பு. இந்த ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் ஒரு பாட்டில் ஏற்ற வேண்டும். காய்ச்சலுக்கு ஒன்று, கிறுகிறுப்புக்கு ஒன்று, மகள் ஓடிப்போன துக்கத்தில் விழுந்தால் அதற்கும் ஒன்று. என் அம்மாவே, டாக்டரைப் பெற்றவள், போனில் கேட்பாள், ஒரு பாட்டில் ஏத்திக்கிட்டா தெம்பா இருக்கும்லா என்று. அது உப்புத் தண்ணீர் அம்மா, வெறும் உப்புத் தண்ணீர், இரத்தக்குழாயில் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு கசிந்து சதைக்குள் போய்ப் பொதபொதவென்று உட்கார்ந்துகொள்ளும். குடலுக்குள் உட்கார்ந்தால் குடல் ஊறும். ஊறின குடலில் தையல் நிற்காது. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒருவரைப் பார்த்தேன், பெயர் மறந்துவிட்டது, வாடை மறக்கவில்லை. குடலை வெட்டி ஒட்டிய இடம் விட்டுப்போய் வயிற்றுத் தையல் வழியாக மலம் வந்துகொண்டிருந்தது, அவர் வெட்கப்பட்டுக்கொண்டு போர்வையை இழுத்து இழுத்து மூடினார், கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது, தலைமாட்டில் அப்போதும் ஒரு பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அன்று சுடிதாரை எத்தனை முறை அலசியும் போகவில்லை. விடுதியில் சாம்பாரைத் திறந்ததும் ஓங்கரித்தேன். அதிலிருந்துதான் நான் கருமி. அளந்து அளந்துதான் விடுவேன். மற்றவர்கள் ஊற்றுவார்கள், ஹெப்சிபா சொட்டுவிடுவாள் என்று இந்த மருத்துவமனையில் ஒரு பேச்சு உண்டு, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சோலையப்பனுக்கும் அளந்துதான் விடுகிறேன். விருதுநகரில் புரோட்டா மாஸ்டர். நேற்று வார்டில் பார்க்கப் போனபோது ஆபரேஷனுக்காகப் பேதி மருந்து குடித்துவிட்டுக் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்து நடந்து கன்னம் ஒட்டிப் போயிருந்தார். ஊசி போட நரம்பு இருக்கிறதா என்று கையைப் புரட்டினேன். வலது உள்ளங்கை பலகை மாதிரி இருந்தது, விரல் நுனியெல்லாம் சூடு பட்டுத் தேய்ந்து பளபளத்தது. "வீசுறது இந்தக் கைதான் டாக்டரம்மா, இடது சும்மா ஒத்தாசைக்கு," என்றார். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, குலதெய்வக் கோயில் கயிறு, எண்ணெய் ஏறிக் கறுத்து, நாலைந்து சுற்று, முடிச்சுக்குப் பக்கத்தில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆனது, எத்தனை மாத வியர்வையோ. பக்கத்தில் நின்ற அவர் மனைவி முத்திருளாயி என் முகத்தைப் படித்துவிட்டாள். "கயித்த மட்டும் அத்துறாதீங்கம்மா. ஆபரேசனுக்குன்னே நேர்ந்து கட்டுனது." விதிப்படி அறுக்க வேண்டும். தியேட்டருக்குள் நூல், கயிறு, தாயத்து எதுவும் கூடாது, மற்ற டாக்டர்கள் கேட்கக்கூட மாட்டார்கள், கத்தரியால் ஒரு வெட்டு, முடிந்தது. ஆனால் நான் ஹெப்சிபா. கோட்டில் பெயர் தெரிகிறது, கழுத்துச் சங்கிலியில் சிலுவை தெரிகிறது. நான் அறுத்தால் அது அறுத்ததாக இருக்காது. வேதக்கார டாக்டரம்மா எங்க சாமி கயித்த அறுத்துப்புட்டா, அதான் இப்படி ஆயிப்போச்சு என்று நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் வராந்தாவில் யாராவது சொல்வார்கள். முத்திருளாயி சொல்ல மாட்டாள், அவள் கூட வந்திருந்த மைத்துனன் சொல்வான், அவன் அப்போதே சிலுவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் காலையில் நர்ஸ் வளர்மதி கத்தரியை எடுத்தபோது, விடுங்க சிஸ்டர், பிளாஸ்டர் சுத்தி மூடிடுங்க என்றேன். வளர்மதி இறுக்கமாகச் சுற்றினாள். அதே கையின் புறங்கையில்தான் நல்ல நரம்பு ஒன்று கிடைத்தது, ஊசியைச் செருகினேன். இடது கை இரத்த அழுத்தம் பார்க்கும் குழாய்க்குப் போய்விட்டது. இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று தேடினேன், பேதியில் காய்ந்த உடம்பில் ஒன்றும் தட்டுப்படவில்லை, கேமரா ரெடி, மேடம், ஹால்ல வெயிட் பண்றாங்க என்றார்கள். சரி என்று கைகளைச் சுற்றச் சொல்லிவிட்டேன். மரியாதையாக நடந்துகொண்டதாக நினைத்துக்கொண்டேன்.

அழுத்தம் இறங்குகிறது. திரையில் சிவப்பு எண் மெல்ல மெல்லப் படியிறங்குகிறது, அலாரம் ஒருதரம் கூவியது, அமர்த்தினேன். இது வழக்கம்தான், இரத்தக்குழாயை இறுக்கும் மருந்தைக் கொஞ்சம் கூட்டினால் ஏறும், பம்பில் கூட்டினேன். ஏறவில்லை. இன்னும் கூட்டினேன். பம்ப் ஓடுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, மருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது, அழுத்தம் மட்டும் யாரோ சொல்லிவைத்த மாதிரி இறங்குகிறது. இரத்தம் எங்காவது போகிறதா? திரையில் குடல் சிவந்து ஈரமாக மினுங்குகிறது, சுற்றிலும் மஞ்சள் கொழுப்பு, இரத்தம் இல்லை, சுத்தமாக இருக்கிறது, கேமராவுக்கென்று அலங்கரித்த மாதிரி. அப்படியானால் தண்ணீர்தானா? அந்த ஆள் சொன்னதுதான் சரியா? நேற்றெல்லாம் பேதி, காலையில் ஒட்டிய கன்னம், நான்தான் கஞ்சத்தனம் செய்துவிட்டேனா, எனக்குக் கொள்கை, அவருக்கு உயிர்.  டிரிப்பின் திருகைத் திறந்தேன். சொட்டு மெதுவாகத்தான் விழுந்தது, பாட்டிலைச் சுற்றி அழுத்தும் பையை மாட்டி ஊதினேன், இப்போது நூல் பிடித்த மாதிரி ஓடியது. ஓடுவதைப் பார்க்க எனக்கே கூசியது. "ஓப்பன் பண்ணிட்டீங்களா?" என்றது தலைமேல் குரல். பண்ணிட்டேன் சார். "குட். அப்பவே சொன்னேன்ல." கட்டைவிரல் பெடலைத் தேய்த்தது. நான் அந்தக் காலுறையை வெறுத்துக்கொண்டே எண்ணைப் பார்த்தேன், எண் அப்படியேதான் இருந்தது, இன்னும் ஒரு படி கீழே. பாட்டில் பாதி காலி. எங்கே போகிறது? இவ்வளவு தண்ணீர் எங்கேதான் போகிறது?

"வயிறு டைட்டா இருக்கே, ரிலாக்ஸன்ட் போடுங்க," என்றார் மெய்யப்பன், இப்போது குரலில் சிரிப்பு இல்லை. நான் பார்த்திருந்தேன், மூச்சு வரையும் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம், சோலையப்பன் தானாக மூச்சிழுக்கப் பார்க்கிறார், தசையைத் தளர்த்திய மருந்து விட்டுப்போகிறது. தூக்கம் கெடாது, அது நுரையீரல் வழியாகப் போகும் வாயு, ஆனால் உடம்பு அசையலாம், உள்ளே இரும்புக் கைகள் நிற்கும்போது அசைந்தால் குடல் கிழியும். மருந்தை ஏற்றினேன். காத்திருந்தேன். பள்ளம் பெரிதானது. மறுபடி ஏற்றினேன். வயிறு ஒருதரம் துள்ளியது, பக்கத்தில் நின்ற உதவி சர்ஜன் "மேடம்" என்றார், மெய்யப்பன் "யாரும் எதையும் தொடாதீங்க" என்று கைகளை அப்படியே நிறுத்திக்கொண்டார். அழுத்த மருந்து வேலை செய்யவில்லை. தண்ணீர் வேலை செய்யவில்லை. தளர்த்தும் மருந்து வேலை செய்யவில்லை. மூன்றும் போகும் வழி ஒன்று. வாயில் தண்ணீர் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே அந்தத் தண்ணீர். மண்டி போட்டு மேசைக்கு அடியில் தலையைக் கொடுத்துத் துணிக்குள் கையை விட்டேன். ரோபோவின் கை மேலே உட்கார்ந்திருந்ததால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, விரல்தான் போனது. துணி ஈரம். பிறகு ஏதோ குளிர்ந்த, வழவழத்த, தடித்த ஒன்று, கை என்று நம்ப முடியவில்லை. விரலால் அழுத்தினேன், பிசைந்து வைத்த மைதா மாவில் இறங்குவதுபோல விரல் இறங்கியது, எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அதற்கு மேலே ஒரு பள்ளம், மணிக்கட்டு இருக்க வேண்டிய இடம், பிளாஸ்டர் சதைக்குள் புதைந்து நகத்தால்கூடத் தோண்ட முடியவில்லை. உள்ளே கயிறு. கை வீங்க வீங்கக் கயிறு இறுக்கியிருக்கிறது, கயிறு இறுக்க இறுக்க நரம்பு அடைத்து ஊசி எல்லாவற்றையும் நரம்புக்கு வெளியே சதைக்குள் பீய்ச்சியிருக்கிறது. நான் சொட்டுச் சொட்டாக அளந்ததும் மெய்யப்பன் ஊற்றச் சொன்னதும் ஒரே இடத்தில்தான் சேர்ந்திருந்தன. தண்ணீர் மட்டுமா, இரத்தக்குழாயை இறுக்கும் மருந்தையும் கூட்டிக் கூட்டி அந்த விரல்களுக்குள்தான் விட்டிருக்கிறேன். அது சதைக்குள் நின்றால் சதை கறுக்கும்.

முதலில் உயிர். பம்பை நிறுத்தினேன், எழுந்தேன். தலைகீழாகக் கிடப்பவருக்குக் கழுத்து நரம்பு தடித்துப் புடைத்து நிற்கும், இத்தனை நேரமும் என் மூக்குக்கு நேரே அது புடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான் மூத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளர்மதியிடம் பெரிய ஊசி கேட்டேன், உடனே கொடுத்தாள். ஒரே குத்தில் இரத்தம் வந்தது. தளர்த்தும் மருந்தை விட்டேன், பள்ளம் மறைந்து கோடு சீரானது. அழுத்த மருந்தைத் துளி விட்டேன், எண் ஏறியது, படிப்படியாக இல்லை, குதித்து ஏறியது. கொஞ்சம் தண்ணீரும் விட்டேன். ஸ்பீக்கரில் பெருமூச்சு. "வெரி குட். பாத்தீங்களா, தண்ணி உள்ள போனதும் பிரஷர் வந்துருச்சு," என்று அரங்கத்துக்கு விளக்கினார் மெய்யப்பன், யாரோ ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது, "அனுபவம்தான்" என்றார். இரும்புக் கைகள் மறுபடி அசையத் தொடங்கின. எல்லாம் அழகாகப் போகிறது. இனிமேல்தான் குடலை இணைக்க வேண்டும், நேரமாகும். அதுவரை துணிக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. முடிந்த பிறகு பிரித்துப் பார்த்து ஐயோ வீங்கியிருக்கே என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சொல்லலாம். ரோபோ கேஸில் சில சமயம் இப்படி ஆகும் என்று எழுதலாம், புத்தகத்திலேயே இருக்கிறது. நான் இதை நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், ஒழுங்காக, வாக்கியம் வாக்கியமாக நினைத்தேன். அப்படி நினைத்தபோது குமட்டல் நின்றுவிட்டது, வயிறு லேசானது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆட்டுத்தலை வாடைக்கும் ஓட்டைக் காலுறைக்கும் புரண்ட வயிறு இதற்குப் புரளவில்லை. விருதுநகரில் ஒரு புரோட்டாக் கல் காய்ந்துகொண்டிருக்கும், அதன் முன்னால் வேறு யாரோ தற்காலிகமாக நின்றுகொண்டு இந்தக் கை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

"சார், ரோபோவ எடுக்கணும்," என்றேன். "என்னது?" "ரோபோவ வெளிய எடுங்க சார். வலது கை வீங்கிப்போச்சு. டிரிப் வெளிய போயிருக்கு, மருந்தெல்லாம் கைக்குள்ள போயிருக்கு. இப்பவே பிரிக்கலைன்னா விரல் போயிரும்."  அரங்கத்துக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும். "இத்தன நேரம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" யூரின் பாத்துக்கிட்டு இருந்தேன் சார் என்று என் வாய் சொன்னது, அது திமிரா உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. அவர் பெட்டியிலிருந்து முகத்தை எடுத்தார். நெற்றியில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது, கால் தரையில் செருப்பைத் துழாவியது, கிடைக்கவில்லை, அப்படியே காலுறையோடு எழுந்து நின்றார். உதவி சர்ஜன் கருவிகளை ஒவ்வொன்றாக உருவினார். ரோபோ தன் கைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது, நான் துணியை இழுத்தேன். வளர்மதி "ஏசப்பா" என்றாள், சத்தமில்லாமல். நிறம் வெளுத்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் பளபளவென்று இழுபட்டு, அங்கங்கே நீலம் படர்ந்து, ஊசி போட்ட ஓட்டையிலிருந்து தெளிந்த தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

கத்தரியைக் கேட்டு வாங்கி நானே நுனியைப் பள்ளத்துக்குள் நுழைத்தேன். பிளாஸ்டர் கிழிந்தது, அடியில் கயிறு, சிவப்பு, நனைந்து கெட்டியாகி, ஒவ்வொரு சுற்றாக அறுக்க வேண்டியிருந்தது. கடைசிச் சுற்று அறுந்ததும் மணிக்கட்டில் கயிற்றின் முறுக்கு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. இறுக்கத்தை முறிக்கும் மாற்று மருந்தைத் தோலுக்கடியில் சுற்றிலும் குத்தச் சொன்னேன், பிளாஸ்டிக் சர்ஜனைக் கூப்பிட ஆள் போனது. பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான், கையை உயரத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் பிடித்துக்கொண்டேன். மெய்யப்பன் பக்கத்தில் வந்து பார்த்தார், அத்தனை கிட்டத்தில் இன்றைக்கு முதல்முறையாக நோயாளியைப் பார்க்கிறார். "மைக்க ஆஃப் பண்ணிட்டுச் சொல்லியிருக்கலாம்," என்றார் மெதுவாக. பிறகு, "கைய உள்ள வச்சு மறுபடி ரோபோவ மாட்டலாம்ல?" இந்தக் கை இனிமே உள்ள போகாது சார் என்றேன். அவர் கையைப் பார்த்தார். காலுறையைப் பார்த்துக்கொண்டார். ஹால் திரையை அணைக்கச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார், மிச்சத்தைப் பழைய மாதிரி வயிற்றைத் திறந்து தன் கையாலேயே தைப்பதற்கு.

என் கையுறை எப்போது கழன்றதென்று தெரியவில்லை, வெறுங்கையால்தான் பிடித்திருக்கிறேன். வழியும் தண்ணீர் என் முழங்கை வரை இறங்கிக் கோட்டுக்குள் போகிறது, குளிர்கிறது, அருவருப்பாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும். கட்டைவிரல் நகத்தை அழுத்துகிறேன், வெளுக்கிறது, காத்திருக்கிறேன், சிவப்பு திரும்புகிறது. ஆள்காட்டி விரல், திரும்புகிறது. நடுவிரல், மெதுவாக. மற்ற இரண்டும் வெளுத்தே நிற்கின்றன. மறுபடி கட்டைவிரலிலிருந்து தொடங்குகிறேன். அறுத்த கயிற்றை வளர்மதி குப்பைக் கூடையில் போடப் போனாள், வேண்டாம், என் பைக்குள்ள போடுங்க என்றேன். வெளியே முத்திருளாயி இருப்பாள், பக்கத்தில் அந்த மைத்துனன், அவன் முதலில் என் சிலுவையைப் பார்ப்பான், அவள் முதலில் என் கையைப் பார்ப்பாள். கயிறு எங்கே என்று கேட்பாள். கயித்த அறுத்தது நான்தாம்மா என்று சொல்ல வேண்டும், அது சுலபம். முதல்லயே அறுக்காம விட்டதும் நான்தான் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். சுண்டுவிரல் நகத்தை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறேன்.